மின்பெருக்கிகளின் தொடக்கத் தாமதமும் அதனைக் குறைக்கும் வழிகளும்

திருவனந்தபுரத்தை அடுத்த கடற்கரைச் சிற்றூராகிய தும்பாவிலிருந்து, 1963-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் தேதி மாலை, இந்திய மண்ணின் முதல் ஆராய்ச்சி ராக்கெட் விண்ணிற் பாய்ந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த நைக்-அப்பாச்சி என்னும் ராக்கெட் அது. பூமியின் காந்த நடுக்கோடு அவ்வூருக்கு மிக அண்மையிற் செல்வதனாலேயே தும்பா தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதை வாசகர் பலரும் அறிவர். காந்த நடுக்கோட்டின்மேல், ஏறத்தாழ 100 முதல் 110 கிலோமீட்டர் உயரத்தில், பகற்பொழுதில் ஒரு வலிய மின்னோட்டம் ஆறுபோல் ஓடுகின்றது. அதனைத் துருவி ஆராயும் பொருட்டு, அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த அறிவியலார் 1960-களில் தும்பாவிலிருந்து பல கருவிகளை ராக்கெட்டுகளில் ஏற்றி அனுப்பினர்.

அக்கருவிகளுள் ஒன்று ‘லாங்முயர் துழாவி’ எனப்படுவது. காற்று மிக அருகிய உயர்வெளியில் நீட்டப்பட்ட ஓர் உலோகத் துண்டு, தன்னைச் சூழ்ந்துள்ள மின்னணுக்களிலிருந்து மிகச் சிறிய மின்னோட்டத்தைப் பெறும். அதனைப் பெருக்கித் தரைக்கு அனுப்புவது ஒரு மின்பெருக்கியின் வேலை. ராக்கெட்டின் உச்ச உயரம் 170 கிலோமீட்டர் என்று கொண்டால், 100 கிலோமீட்டர் உயரத்தை அது கடக்கும்போது அதன் வேகம் வினாடிக்கு ஒரு கிலோமீட்டருக்கும் அதிகம். பத்துக் கிலோமீட்டர் தடிப்புள்ள ஒரு படலம் பத்தே வினாடிகளுக்குள் கடந்துபோய்விடும். பெருக்கி அரை வினாடி அயர்ந்திருப்பின், வானத்தில் அரைக் கிலோமீட்டர் ஆராயப்படாமலே போகும்.

ராக்கெட்டைப் பொறுத்தவரை இதற்கு எளிய பரிகாரம் உண்டு. ஏவுவதற்குச் சில நிமிடங்களுக்கு முன்னரே, தரையிலுள்ள மின்வழங்கியிலிருந்து கம்பி வாயிலாகக் கருவிகளுக்கு மின்சாரம் ஊட்டப்படுகிறது. அவை நிலைபெற்றபின், உள்ளிருக்கும் பாட்டரிக்கு மாற்றப்பட்டு, அதன் பின்னரே ராக்கெட் கிளம்புகிறது. முன்னதாகவே விழித்திருப்பவனுக்குத் துயிலெழும் தொல்லை இல்லை.

ஆனால் முன்னதாக விழித்திருக்க இயலாத கருவிகளும் உள. அவற்றைப் பற்றியதே இக்கட்டுரை.

மலைச்சரிவில் உறங்கும் கருவி

கேரளத்தின் கிழக்கெல்லையின் பெரும்பகுதி மலைத்தொடராதலின், மழைக்காலந்தோறும் நிலச்சரிவு பற்றிய அச்சம் அங்கு நீங்குவதில்லை. 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் தேதி இரவு, மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளை மண்ணும் பாறையும் மூடின. 70 பேர் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் தமிழகத்திலிருந்து சென்று தலைமுறைகளாக அங்கு உழைத்துவந்த குடும்பத்தினர். 2024-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் தேதி விடியுமுன்னர் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை ஆகிய ஊர்கள் அதனினும் பெரிய அழிவைக் கண்டன.

திருவனந்தபுரத்து ஆக்குளத்தில், 1978-ஆம் ஆண்டு மாநில அரசின் நிறுவனமாகத் தோன்றி, 2014-ஆம் ஆண்டு மத்திய அரசின்கீழ் வந்த தேசிய புவி அறிவியல் ஆய்வு மையம், இத்தகைய சரிவுகளின் இயல்பை ஆராய்ந்து வருகிறது. 2005-ஆம் ஆண்டிற் சரிவு நேர்ந்த மூணாற்று அந்தோணியார் காலனியில், அமிர்த விசுவ வித்யாபீடத்தினர் மண்ணுக்குள் கருவிகளைப் புதைத்து, கம்பியில்லா முறையிற் செய்தி அனுப்பும் எச்சரிக்கை அமைப்பொன்றை நிறுவினர். மண்துகள்களின் இடையே தேங்கும் நீரின் அழுத்தம், நிலத்தின் சிற்றசைவு, சரிவு சாயும் அளவு ஆகியவற்றை இத்தகைய கருவிகள் அளக்கின்றன.

இவ்வளவைகள் யாவும் முதலில் மிகச் சிறு மின்னழுத்தங்களாகவே தோன்றுகின்றன, பெருக்கியின்றிப் பயன்படா. அப்பெருக்கிக்கு மின்சாரம் தருவது ஒரு பாட்டரி. சூரிய ஒளியினால் அப்பாட்டரியை நிரப்பலாம். ஆனால் கருவி மிகவும் தேவைப்படும் அடைமழை நாட்களிலேதான் சூரியன் முகங்காட்டுவதில்லை. ஆதலின் கருவியை இடைவிடாது இயக்காமல், பெரும்பொழுது உறங்கவிட்டு, வேளைதோறும் எழுப்பி, அளந்து, மீண்டும் உறங்கச் செய்வதே வழக்கம். எழுப்பியவுடன் அது உண்மை சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கிறது? இக்கேள்வியே தொடக்க நேரம் எனப்படும் பிரச்சினையாகும்.

பெருக்கிக்குள் மின்தேக்கி எதற்கு?

வால்வுகள் ஆண்ட நாளில், வானொலிப் பெட்டியைத் திறந்தபின் அரை நிமிடம் காத்திருந்தால்தான் குரல் கேட்கும். வால்வின் எதிர்முனை சூடேற வேண்டியிருந்ததே காரணம். 1947-ஆம் ஆண்டின் இறுதியில் டிரான்சிஸ்டர் பிறந்தபின் அந்தச் சூட்டின் தாமதம் மறைந்தது. எனினும் மற்றொரு தாமதம் மறையவில்லை. அது மின்தேக்கியினால் வருவது.

பெருக்கியின் வெளியீட்டில் ஒரு பகுதியை உள்ளீட்டுக்கு எதிராகத் திருப்பி ஊட்டினால், பெருக்கம் குறைந்தாலும் துல்லியம் மிகும் என்பதை 1927-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியியலார் ஹரால்ட் பிளாக் கண்டார். இன்றைய துல்லியப் பெருக்கிகள் யாவும் இந்தப் பின்னூட்டு முறையைக் கையாள்வன. ஆனால் இதில் ஓர் இடர் உண்டு. பெருக்கியின் ஒவ்வொரு படியிலும் குறி சற்றே பிந்துகிறது. வேகமாக மாறும் குறிகளுக்கு இப்பிந்துதல் பெருகி, எதிராக ஊட்டப்பட வேண்டியது துணையாக ஊட்டப்பட்டுவிடும். ஊஞ்சலை நிறுத்த எண்ணிக் கைநீட்டுபவர், நேரந்தவறித் தள்ளிவிட்டால் ஊஞ்சல் மேலும் உயர ஆடுவதை நாம் கண்டிருக்கிறோம். அதுபோலவே பெருக்கியும் தானே அலையத் தொடங்கும். எந்த நிலையில் இவ்வலைவு தோன்றும் என்பதை 1932-ஆம் ஆண்டில் ஹாரி நைகுவிஸ்ட் கணித முறையில் வரையறுத்தார்.

இவ்வலைவைத் தடுக்கும் வழிகளுள் எளியது, பெருக்கியின் ஒரு படிக்குக் குறுக்கே ஒரு மின்தேக்கியை இணைத்து, வேகமான குறிகளின் பெருக்கத்தை வேண்டுமென்றே குறைத்துவிடுவதாகும். இதனை ஈடுசெய் மின்தேக்கி என்கிறோம். ஒரு படியின் குறுக்கே இணைக்கப்பட்ட மின்தேக்கி, அப்படியின் பெருக்கத்துக்கு ஏற்பப் பன்மடங்கு பெரிதாகத் தோன்றும். இது ஜான் மில்லர் என்பார் வால்வுகளில் கண்ட உண்மை. மில்லர் விளைவு என இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. 30 பிக்கோ பாரட் அளவுள்ள மின்தேக்கி, 200 மடங்கு பெருக்கும் படியின் குறுக்கே நிற்குமாயின், ஏறத்தாழ 6,000 பிக்கோ பாரட்போல் நடந்துகொள்ளும்.

1965-ஆம் ஆண்டில் பாப் விட்லர் வகுத்த 709 எண்ணுள்ள பெருக்கிக்கு இம்மின்தேக்கியை வெளியில் இணைக்க வேண்டியிருந்தது. 1968-ஆம் ஆண்டில் டேவ் ஃபுல்லாகர் வகுத்த 741-இல், 30 பிக்கோ பாரட் மின்தேக்கி சிலிக்கன் துண்டிற்குள்ளேயே இடம்பெற்றது. கல்லூரி ஆய்வுக்கூடங்களில் மாணவர் கையாளும் பெருக்கி பெரும்பாலும் இதுவே.

தாமதம் எங்கே பிறக்கிறது?

மின்தேக்கி ஒரு பாத்திரம். மின்னோட்டம் அதனை நிரப்பும் நீர். பாத்திரத்தின் நீர்மட்டமே மின்னழுத்தம். நிரம்பும் நேரத்தைக் காண, மின்தேக்கியின் அளவை வேண்டிய மின்னழுத்தத்தால் பெருக்கி, கிடைக்கும் மின்னோட்டத்தால் வகுத்தல் போதும். இதற்குமேற் கணிதம் இக்கட்டுரைக்குத் தேவையில்லை.

741-இன் முதற்படி ஏறத்தாழ 15 மைக்ரோ ஆம்பியர் தருகிறது எனக் கொள்வோம். 30 பிக்கோ பாரட் மின்தேக்கியை அது மைக்ரோ வினாடிக்கு அரை வோல்ட் வீதம் ஏற்றும். ஐந்து வோல்ட் ஏறப் பத்து மைக்ரோ வினாடி. யாரும் பொருட்படுத்தாத நேரம் இது. அன்றியும் 741 இருந்த கருவிகள் எந்நேரமும் விழித்தே இருந்தன.

பாட்டரியைச் சிக்கனப்படுத்தும் இன்றைய பெருக்கிகளின் நிலை வேறு. அவற்றின் முதற்படிக்கு 50 நானோ ஆம்பியரே கிடைக்கிறது, மின்தேக்கி 50 பிக்கோ பாரட் என்று வைத்துக்கொண்டால், ஒரு வோல்ட் ஏற ஒரு மில்லி வினாடி ஆகும். 741-ஐ விட 500 மடங்கு மெதுவு. இனி, பெருக்கிக்கும் அளவுமானிக்கும் அடிப்படையாக நிலையான மின்னழுத்தம் தரும் சுற்றொன்று உண்டு. அதுவும் ஒருவகைப் பின்னூட்டுப் பெருக்கியே. அது அலையாதிருக்கவும், அதன் இரைச்சல் அடங்கவும், வெளியே ஒரு மைக்ரோ பாரட் அளவுள்ள பெரிய மின்தேக்கி இணைக்கப்படுவதுண்டு. 10 மைக்ரோ ஆம்பியர் கொண்டு அதனை 0.9 வோல்ட் வரை ஏற்ற 90 மில்லி வினாடி பிடிக்கும். கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவென நமக்குத் தோன்றலாம். அளக்கும் வேலையோ பத்தே மில்லி வினாடியில் முடிவது.

காத்திருப்பின் விலை

இந்த எண்களையே கொண்டு ஒரு சரிவுக் கருவியைக் கற்பனை செய்வோம். விழித்திருக்கும்போது அக்கருவி முழுவதும் 5 மில்லி ஆம்பியர் உண்கிறது. வினாடிக்கு ஒருமுறை எழுகிறது. தொடக்கத்துக்கு 90 மில்லி வினாடி, அளவைக்கு 10 மில்லி வினாடி. ஆக வினாடிதோறும் 100 மில்லி வினாடி விழித்திருக்கிறது. சராசரி மின்னோட்டம் அரை மில்லி ஆம்பியர். 2,000 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளும் பாட்டரி, உறக்கத்திற் செலவாகும் சிறு மின்சாரத்தைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், 4,000 மணி நேரம், அதாவது ஏறத்தாழ 166 நாட்கள் தாங்கும்.

தொடக்க நேரத்தை 90-லிருந்து 10 மில்லி வினாடியாகக் குறைத்தோமாயின், விழிப்பு 20 மில்லி வினாடியாகும், சராசரி 0.1 மில்லி ஆம்பியர். பாட்டரி 20,000 மணி நேரம், ஏறத்தாழ 833 நாட்கள் தாங்கும். ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையும், அதனைத் தொடர்ந்து ஆண்டின் இறுதிவரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்தால் ஏறத்தாழ ஏழு மாதங்களாகிறது. முதற் கருவியின் பாட்டரி அதற்குள் வற்றிவிடும். இரண்டாவது இரண்டு ஆண்டுகளைக் கடந்தும் நிற்கும். அல்லது, பாட்டரி 166 நாட்களே தாங்கினால் போதும் என்போமாயின், வினாடிக்கு ஐந்துமுறை அளக்கலாம். அசையத் தொடங்கிய சரிவைக் கண்காணிப்போர்க்கு இவ்வேறுபாடு சிறியதன்று.

இங்கு ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். ஒரு மைக்ரோ பாரட் மின்தேக்கியை 0.9 வோல்ட் ஏற்றத் தேவைப்படும் மின்னேற்றம் 0.9 மைக்ரோ கூலும் மட்டுமே. ஆனால் அது நிரம்பும் 90 மில்லி வினாடியில், மற்றச் சுற்றுகள் வேலையின்றி உண்ட மின்னேற்றம் 450 மைக்ரோ கூலும். சரியாக 500 மடங்கு. ஒரு குடம் தண்ணீர் வருமட்டும் பத்துக் கூலியாட்களை நிறுத்திவைத்த வீட்டுக்காரரின் கதை இது. தண்ணீரின் விலை சொற்பம், நாட்கூலியோ பெரிது. குழாயைச் சிறிதாகத் திறந்து நீரைச் சிக்கனம் செய்தவர், கூலியில் இழந்தார். ஆகவே தொடக்கத்தில் மட்டும் மின்னோட்டத்தை மிகுதியாகச் செலவிடுதல் ஊதாரித்தனமன்று. அதுவே உண்மையான சிக்கனம்.

நான்கு வழிகள்

முதல் வழி, முன்னேற்றம் செய்தல். சாதாரணமாக மின்தேக்கிக்குப் பாயும் சிறு மின்னோட்டத்துடன், தொடக்கத்தில் மட்டும் ஒரு வலிய மின்னோட்டத்தைச் சுவிட்சு வாயிலாகச் செலுத்துவது இம்முறை. மின்னழுத்தம் இறுதி நிலையை நெருங்கிவிட்டதா என ஓர் ஒப்பிடு சுற்று பார்த்துக்கொண்டிருந்து, நெருங்கியதும் சுவிட்சைத் திறந்துவிடும். மேற்கூறிய எடுத்துக்காட்டில், 200 மைக்ரோ ஆம்பியர் கொண்டு 0.9 வோல்ட்டில் 95 விழுக்காடான 0.855 வோல்ட் வரை ஏற்ற 4.3 மில்லி வினாடி போதும். எஞ்சிய 0.045 வோல்ட்டைப் பழைய 10 மைக்ரோ ஆம்பியரே 4.5 மில்லி வினாடியில் நிரப்பும். ஆக மொத்தம் ஒன்பது மில்லி வினாடிகூட ஆகவில்லை. முழுவதையும் வலிய மின்னோட்டத்திற்கே விடாமல், கடைசிப் பகுதியை மெல்லிய மின்னோட்டத்திடம் ஒப்படைப்பதற்குக் காரணம் உண்டு. சுவிட்சு திறப்பதில் நேரும் சிறு பிழையால் மின்னழுத்தம் எல்லையை மீறிவிட்டால், அதனைக் கீழிறக்கும் வழி பல சுற்றுகளில் மிக மெதுவானது. நிரம்பி வழிந்த பாத்திரத்தைச் சரிசெய்வதிலும், சற்றுக் குறையாக நிறுத்தி நிரப்புவது எளிது.

இரண்டாம் வழி, ஏற்றத்தைக் காத்துவைத்தல். உறங்கப் போகும்போது மின்தேக்கியைச் சுற்றிலிருந்து துண்டித்துவிட்டால், அதிலுள்ள மின்னேற்றம் அங்கேயே நிற்கும். விழித்தபின் மீண்டும் இணைத்தால் போதும். கசிவு ஒன்றே இதற்குப் பகை. ஒரு மைக்ரோ பாரட் மின்தேக்கியின் கசிவுத் தடை 100 மெகா ஓம் எனக் கொண்டால், ஒரு வினாடி உறக்கத்தில் அது தன் மின்னழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்கையே இழக்கும். அந்த 9 மில்லி வோல்ட்டை மீட்க 10 மைக்ரோ ஆம்பியருக்கு 0.9 மில்லி வினாடி போதும். ஆனால் பத்து நிமிடம் உறங்கும் கருவியில் ஏற்றம் அறவே வடிந்துபோம். எனவே இம்முறை அடிக்கடி எழும் கருவிகளுக்கே உகந்தது. நெடுந்துயில் கொள்வனவற்றுக்கு முன்னேற்றமே சிறந்தது.

மூன்றாம் வழி, பெருக்கியின் எல்லாப் படிகளுக்கும் தொடக்கத்தில் மட்டும் மிகுதியான மின்னோட்டம் ஊட்டுதல். சிலிக்கன் துண்டிற்குள்ளே இருக்கும் சிறு மின்தேக்கிகளுக்கு இது பொருந்தும். வேறு சுவிட்சு எதையும் குறியின் பாதையில் நுழைக்க வேண்டியதில்லை. ஆயினும் முதற்படிக்கு மட்டும் ஊட்டத்தை மிகுத்தால் பெருக்கியின் வேகம் கூடி, பின் வரும் படிகள் அதற்கு ஈடுகொடுக்க மாட்டாமல், எந்த அலைவைத் தடுக்க மின்தேக்கியை வைத்தோமோ அதே அலைவு திரும்பிவிடும். ஆதலின் எல்லாப் படிகளையும் ஒரே விகிதத்தில் உயர்த்தி, ஒரே விகிதத்தில் தாழ்த்த வேண்டும்.

நான்காம் வழி, தடையைத் தாண்டிச் செல்லுதல். இரைச்சலை அடக்கப் பெரிய மின்தடையும் மின்தேக்கியும் சேர்ந்த வடிகட்டி சில இடங்களில் அமைவதுண்டு. ஒரு மெகா ஓம் தடையும் 0.1 மைக்ரோ பாரட் மின்தேக்கியும் சேர்ந்தால் அவற்றின் கால மாறிலி 0.1 வினாடி. இறுதி நிலைக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு வரை நெருங்க ஏழு கால மாறிலிகள், அதாவது 0.7 வினாடி வேண்டும். தொடக்கத்தில் அந்தத் தடையின் குறுக்கே ஒரு சுவிட்சை மூடிவைத்தால் மின்தேக்கி உடனே நிரம்பும். பின் சுவிட்சைத் திறந்தால் வடிகட்டி தன் வேலையை மேற்கொள்ளும்.

இந்நான்கையும் தனித்தனியே கையாள வேண்டும் என்பதில்லை. நல்ல கருவியில் இரண்டு அல்லது மூன்று வழிகள் சேர்ந்தே காணப்படும்.

கருத்திற் கொள்ள வேண்டிய இடர்கள்

முதலாவது, வரிசை முறை. அடிப்படை மின்னழுத்தம் நிலைபெறுமுன் அதனைச் சார்ந்த பெருக்கியை எழுப்பினால், அதன் மின்தேக்கி தவறான மட்டத்துக்கு ஏற்றப்பட்டு, மீண்டும் திருத்தப்பட வேண்டியதாகும். அடித்தளம் முதலில், சுவர் பின்னர் என்பதே இங்கும் விதி.

இரண்டாவது, எழ மறுக்கும் சுற்றுகள். தம் மின்னோட்டத்தைத் தாமே வகுத்துக்கொள்ளும் சுற்றுகளுக்கு இரண்டு நிலைகளில் அமைதி உண்டு. ஒன்று, நாம் விரும்பும் மின்னோட்டம். மற்றொன்று, மின்னோட்டமே இல்லாத நிலை. இரண்டாம் நிலையிற் சிக்கினால் சுற்று எத்தனை நேரமாயினும் விழிக்காது. ஆகவே சிறு தூண்டுதல் தந்து, வேலை முடிந்ததும் விலகிக்கொள்ளும் துணைச் சுற்று ஒன்று கட்டாயம் வேண்டும்.

மூன்றாவது, சுவிட்சின் சுவடு. சுவிட்சாகப் பயன்படும் டிரான்சிஸ்டர் மூடித் திறக்கையில், தன்னுள் இருந்த சிறிதளவு மின்னேற்றத்தை அருகிலுள்ள மின்தேக்கிக்குள் தள்ளிவிடும். ஒரு மைக்ரோ பாரட் பாத்திரத்தில் இத்துளி தெரியாது. 50 பிக்கோ பாரட் பாத்திரத்தில் நன்கு தெரியும்.

நான்காவது, மின்தேக்கியின் நினைவாற்றல். தகடுகளுக்கிடையேயுள்ள மின்காப்புப் பொருள், மின்னேற்றத்தில் ஒரு பகுதியை மெல்ல மெல்ல உள்வாங்கும். விரைவாக ஏற்றப்பட்ட மின்தேக்கி நிரம்பிவிட்டதுபோற் காட்டிப் பின்னர்ச் சற்றே இறங்கும். பாலிப்ரோப்பிலீன், பாலிஸ்டைரீன் ஏடுகளால் ஆன மின்தேக்கிகளில் இக்குறை மிகச் சிறிது. மின்பகு மின்தேக்கிகளிலும் சிலவகைப் பீங்கான் மின்தேக்கிகளிலும் பெரிது. ஆனால் அளவிற் சிறியவை பின்னவையே. 1973-ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தோன்றிய கெல்ட்ரான் நிறுவனத்தின் கண்ணூர்த் தொழிற்சாலை உள்ளிட்ட பல ஆலைகள் பலவகை மின்தேக்கிகளைத் தயாரிக்கின்றன. எந்த வகை எங்கு பொருந்தும் என்பதைத் தேர்வதும் வடிவமைப்போர் கடமையாகும்.

சோதிக்கும் முறை

தொடக்க நேரத்தை அளப்பது எளிது. ஒழுங்காக அளப்பது எளிதன்று. வெளியீடு 90 விழுக்காட்டைத் தொட்ட கணத்தைக் குறித்துக்கொண்டு, அதுவே தொடக்க நேரம் என்பார் உளர். அளவுமானி ஆயிரத்தில் ஒரு பங்கு துல்லியம் உடையதாயின், வெளியீடு அந்த ஆயிரத்தில் ஒரு பங்கு எல்லைக்குள் புகுந்து, மீண்டும் வெளியேறாது நின்ற கணமே சரியான கணமாகும். விரைவாக ஏறிக் கடைசிப் பகுதியில் ஊர்ந்து செல்லும் பெருக்கி, முதல் முறையில் நற்பெயர் பெறும். இரண்டாம் முறையில் அதன் உண்மை வெளிப்படும்.

இச்சோதனையை மின்னலைகாட்டி ஒன்றும், மின்சாரத்தை வேளைதோறும் திறந்து மூடும் சிறு சுற்றொன்றும் கொண்டு எந்தத் தொழிற்பயிற்சிக் கூடத்திலும் செய்யலாம். பாட்டரி முழுமையாக உள்ளபோதும், தீரும் நிலையில் உள்ளபோதும் அளக்க வேண்டும். குளிரிலும் வெம்மையிலும் அளக்க வேண்டும். குறைகடத்திகளின் கசிவு ஒவ்வொரு பத்துப் பாகை வெப்பத்துக்கும் ஏறத்தாழ இருமடங்காவதால், மூணாற்றுக் குளிரில் நன்கு காத்துவைத்த ஏற்றம் கடற்கரை வெயிலில் வடிந்துவிடலாம். ஒரு வினாடி உறக்கத்துக்குப் பின்னும், ஒரு நாள் உறக்கத்துக்குப் பின்னும் அளக்க வேண்டும். எல்லாவற்றிலும் நீண்ட நேரம் எதுவோ அதனையே கருவியின் தொடக்க நேரமாகக் கொள்ள வேண்டும்.

மேலும், தொடக்கம் என்பது மின்சாரம் திறக்கும்போது மட்டும் நிகழ்வதன்று. பெரிய குறியொன்று வந்து பெருக்கியை அதன் எல்லைக்குத் தள்ளிவிட்டால், ஈடுசெய் மின்தேக்கி தவறான மட்டத்திற் சென்று நிற்கும். குறி நீங்கியபின் அது திரும்பிவரும்வரை பெருக்கி குருடாகவே இருக்கும். ராக்கெட்டுத் துழாவி அடர்ந்த படலத்துள் நுழையும்போதும், நிலவதிர்வுக் கருவியின் அருகில் பாறை உருளும்போதும் இது நேரலாம். தொடக்கத்தை விரைவுபடுத்த அமைத்த முன்னேற்றச் சுற்றையே இந்த மீட்சிக்கும் பயன்படுத்திக்கொள்ள முடியும் என்பது இதன் கூடுதல் நன்மை.

முடிவாக

ஈடுசெய் மின்தேக்கி பெருக்கிக்குப் பகையன்று. அதுவே அதன் ஒழுக்கத்தைக் காப்பது. அதனைச் சிறிதாக்கித் தாமதத்தைக் குறைக்க முயல்வோர் அலைவை வரவழைத்துக்கொள்கின்றனர். மின்தேக்கியை அப்படியே விட்டு, அது நிரம்பும் வழியை மட்டும் தொடக்கத்தில் மாற்றியமைப்பதே மேற்கூறிய முறைகள் யாவற்றிற்கும் பொதுவான உட்கருத்து. இதற்கு வேண்டியது ஒரு சுவிட்சும், ஓர் ஒப்பிடு சுற்றும், சில டிரான்சிஸ்டர்களுமே.

விரைந்து எழும் பெருக்கி ஒன்றினால் மலை சரியாது நிற்கப்போவதில்லை. எச்சரிக்கை பயன்தர வேண்டுமாயின் மழைமானியும், செய்திப் போக்குவரத்தும், மக்களை அகற்றும் ஏற்பாடும் ஒருங்கே அமைய வேண்டும். எனினும் அச்சங்கிலியின் முதற் கண்ணி, மண்ணுக்குள் கிடக்கும் கருவியே. ஏழு மாத மழைக்குப் பின்னரும் அதன் பாட்டரியில் உயிர் இருக்குமா என்பதை, நாம் அற்பமென எண்ணும் சில மில்லி வினாடிகள் தீர்மானிக்கின்றன. மின்னணுவியல் பயிலும் மாணவர்கள் தங்கள் ஆய்வுக்கூடத்தில் அடுத்தமுறை ஒரு பெருக்கியை இயக்கும்போது, அது எவ்வளவு பெருக்குகிறது என்பதோடு, எழுந்து நிற்க எவ்வளவு நேரம் கொள்கிறது என்பதையும் அளந்து குறித்துவைப்பாராக.